உப்புத் தொட்டிக்குள் செம்புக் குழாய்

எண்பத்தேழாம் வருஷக் கோடையில் நூல் மில்லின் பெரிய மோட்டார் மூன்றாவது தடவையாகப் புகைந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இரும்புக் கூட்டை, மில்லில் பிட்டர் வேலை பார்த்த பால்ச்சாமி கழற்றினான். வெந்நீர்ப் பானையில் படிவதுபோல உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு. இந்த ஏற்பாட்டுக்குப் படம் போட்ட இன்ஜினியர் ஜெகதீஸ்வரன் வெளியூர்க்காரர். மில்லின் போர்வெல் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்த்து, தெளிவாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். அது உப்புத் தண்ணீர், அதில் பருப்பு வேகாது என்பதை ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

மறுநாளே ஊரின் ஒரே நல்லதண்ணீர்க் கிணற்றில் மில் லாரி ரப்பர்க் குழாயை இறக்கியது. மோட்டாரைக் குளிரவைத்த தண்ணீர் ஆவி பறக்கக் கருவேலங்காட்டில் ஓடி வீணாயிற்று. நான்காம் நாள் வாளியில் சேறு வந்தது. பால்ச்சாமியின் மனைவி முத்துலட்சுமி விடியலிலிருந்து நின்று அரைக்குடம் கொண்டுவந்தாள்.

நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் மில்லை மூடிவிடுவார்களாம் என்றான் பால்ச்சாமி. உப்புத் தண்ணீர்ச் சட்டிக்குள் தம்ளரை வைத்துப் பிள்ளைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்த முத்துலட்சுமி, அப்படியே இரண்டையும் தூக்கிக்கொண்டு மில்லுக்கு நடந்தாள்.

இன்ஜினியரின் படத்தின் மேலேயே சட்டியை வைத்தாள். காகிதம் நனைந்தது.

"பாலும் மோட்டாரும் ஒண்ணாம்மா?" என்று சிரித்தார் அவர்.

"சூடு ஒண்ணுதான சார். உப்பு வெளியதான நிக்குது, பாலு கரிக்கலையே. மோட்டாருக்கு நல்ல தண்ணி பத்துக் குடம் ஊத்துங்க, அதே தண்ணி சுத்திச் சுத்தி வரட்டும். சூடா வெளிய வர்ற குழாய உப்புத் தண்ணித் தொட்டிக்குள்ள போடுங்க. பொருக்கு குழாய்க்கு வெளியதான படியும்? நான் வந்து சுரண்டித் தாரேன்."

அவர் சிரிப்பு நின்றது. காகிதத்தைத் திருப்பி வரையத் தொடங்கினார்.

மூன்று வாரத்தில் தொட்டி கட்டி, செம்புக் குழாயைச் சுருட்டி இறக்கினார்கள். மோட்டார் மேல் கை வைக்க முடிந்தது. பார்க்க வந்தவர்களிடம் அது தன் யோசனை என்றாராம் இன்ஜினியர். பால்ச்சாமி பொருமினான். முத்துலட்சுமிக்கு அந்தக் கோபத்துக்கு நேரமில்லை. லாரி இன்னும் கிணற்றடியில்தான் நின்றது. அதன் குழாயும் கிணற்றுக்குள்ளேதான் கிடந்தது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று இன்ஜினியர் சொன்னதாக டிரைவர் சொன்னான்.

கிணற்றடியில் இறக்கி வைத்திருந்த தன் விறகுக்கட்டிலிருந்து அரிவாளை உருவி, லாரிக் குழாயை இரண்டு வெட்டில் துண்டாக்கினாள்.

"எங்களுக்கு ஆபத்து வந்து மாசமாச்சுன்னு அவுககிட்டச் சொல்லுங்கண்ணே."

வாளியை இறக்கினாள். சேறுதான் வந்தது. கொட்டிவிட்டு மறுபடி இறக்கினாள்.