முத்திரை இல்லாத விரல்

1

“நான் அதைத் தொடவே இல்லைக்கா. ஈரத்துணி சுத்தி—”

“தொடாததுதான்டா தப்பு. கழட்டி வச்சிட்டுப் பத்தவச்சிருந்தா—”

“கழட்டறதா? அவரோட எலும்பை? நானா?”

“அதுக்காக உருக்கிடலாமா?”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது, சண்டையாக, பாதியில். வெள்ளி வேலை செய்யும் கடை ஒன்றில் அறுந்த சங்கிலியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரைக்குப் பின்னால் ஒரு ஆண்குரல் “உருகிடுச்சுக்கா” என்றது. ஒரு பெண்குரல் “எது?” என்றது. அதற்குள் என் சங்கிலி கைக்கு வந்துவிட்டது, எழுந்து வரவேண்டியதாயிற்று. நான் உண்மையாகக் கேட்டது அந்த இரண்டு பேச்சுதான். மேலே இருப்பதும் கீழே வரப்போவதும் வீட்டுக்கு நடந்து வரும்போது அவர்கள் என் காதுக்குள் பேசிக்கொண்டவை.

எனக்குக் கதைகள் கண்ணுக்கு வருவதில்லை. ஆகவே முக ஜாடை கேட்காதீர்கள். அக்கா பேச ஆரம்பித்தால் தம்பியால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. அது மட்டும் தெரியும்.

2

உருகியது எது என்று நான்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. மோதிரம் என்று எழுதிப் பார்த்தேன், உப்புச் சப்பில்லை. [கல்யாண மோதிரம் என்றும் எழுதினேன். இன்னும் மோசம்.] பிறகுதான் அந்த ‘அவர்’ யார் என்று உறைத்தது.

அவர் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். சிலுவையில் செத்துப்போன குரு உயிரோடு வந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்தவர். குரு வந்து, இந்தா பார் என்று காட்டினாராம். அப்புறம் அதே மனிதர் பாஷை தெரியாத ஊருக்குக் கடல் தாண்டிப் போய், பார்த்ததைச் சொல்லி, ஈட்டியால் குத்துப்பட்டு இறந்தார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அவருடைய எலும்புகளை ஊர் ஊராகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அவருடைய பயணத்திலிருந்தே தொடங்கலாமே என்று ஆசைப்பட்டேன். “அன்று கடல், ஒரு” — இதற்குமேல் ஓடவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் படகுக்காரனோடு அவர் பேசிய நாலு வார்த்தைதான்:

“அங்க போய் என்ன விக்கப் போறீங்க?”

“ஒண்ணும் விக்கலை. நான் பார்த்ததைச் சொல்லப் போறேன்.”

“நம்புவாங்களா?”

“மொதல்ல நானே நம்பலையே.”

இந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவரைக் கடலிலேயே விட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்புகிறேன். அங்கே பிரச்சினை சூடாக இருக்கிறது.

3

பட்டறை மேசைமேல் ஒரு முழ உயரத்தில் சின்னக் கோபுரம்போல ஒரு வெள்ளிப் பேழை. நடுவில், கண்ணாடி போட்ட வட்டச் சிமிழ். அதற்குள் பஞ்சில் ஒரு விரல் எலும்புத் துண்டு. கிறிஸ்தவக் கோயிலில் அதைத் திருப்பண்டம் என்பார்கள். சிமிழின் பின்புறம் சிவப்பு நூல் கட்டி, அரக்கு ஊற்றி, ஆயர், அதாவது பிஷப், ஒருவர் எந்தக் காலத்திலோ முத்திரை குத்தியிருந்தார். இது அந்தச் சீடருடையதுதான் என்பதற்கு அந்த அரக்கு ஒன்றே சாட்சி.

பேழைக் கதவின் கீல் உடைந்துபோய் ஊர்க் கோயிலிலிருந்து வேலைக்கு வந்தது. வேறு யாருடைய நகைப்பெட்டியாக இருந்தாலும் தம்பி சிமிழைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நெருப்பைக் காட்டியிருப்பான். இதில் கைவைக்கப் பயம், பக்தி. சிமிழுக்கு ஈரத்துணியைச் சுற்றி, கீலை அப்படியே பற்றவைத்தான். துணி காய்ந்தது. வெள்ளிக்குச் சூட்டைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. கீலில் காட்டிய சூடு பின்பக்கம் ஓடி, முத்திரை வழிந்து நூல்மேல் சொட்டாகத் தொங்கியது.

மறுநாள் காலை அவர்களுடைய அம்மாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன்னால் அந்த விரலைச் சிமிழோடு ஒரு தடவை தொட்டுக்கொள்ள வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள். கோயிலின் பங்குத்தந்தையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். முத்திரை போன திருப்பண்டத்தை இன்னாருடையது என்று சொல்லி யார் கையிலும் கொடுக்கக்கூடாது, அது திருச்சபைச் சட்டம். ஆயர் மறுபடி பார்த்துக் குத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

4

இந்த இடத்தில் தம்பியை நான் சந்தேகப்பட்டேன். பழைய பொருள் எது வந்தாலும் அதிலுள்ள குறிகளை அச்சு எடுத்துவைப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். நாளைக்குத் தேய்ந்துவிட்டது, நீதான் தேய்த்தாய் என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள். முத்திரையின் அச்சும் அலமாரியில் இருந்தது. புது அரக்கை ஊற்றி அதை வைத்து அழுத்திவிடலாம் என்றான். கடைப் பேர் கெட்டுவிடுமே என்ற பயத்தில் சொல்கிறான் என்று முதலில் எழுதினேன். அவன் குரல் ஒத்துக்கொள்ளவே இல்லை. எத்தனை தரம் எழுதினாலும் “அம்மா கேட்டுட்டாக்கா” என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அடித்துவிட்டு மாற்றினேன்.

அக்கா வேண்டாம் என்றாள். அம்மாவிடம் பொய் சொல்லி நாம் என்றைக்காவது தப்பித்திருக்கிறோமா என்று கேட்டாள். அவன் அரக்கைக் காய்ச்சினான். அவளும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அம்மாவின் முகம் அவளுக்கும் நினைவிருந்தது.

அச்சை எடுத்தபோது அச்சு அசலாக அதே முத்திரை. ஓரத்தில் பழையதில் இருந்த சின்ன மூளிகூட வந்திருந்தது. தம்பி சந்தோஷப்படுவான் என்று பார்த்தாள். அவன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இவ்வளவு சுலபமா வருதேக்கா,” என்றான். “அப்ப பழசையும் என்னை மாதிரி ஒருத்தன்...”

முடிக்கவில்லை. அக்கா குறுக்கே பேசாமல் இருந்தும் அவன் முடிக்காத ஒரே வாக்கியம் அதுதான். நகத்தாலேயே அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பேழையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் பங்குத்தந்தைக்குப் போன் செய்தாள்.

அவர் திட்டவில்லை. இது அந்தச் சீடருடையது என்று இனி என் வாயால் சொல்ல முடியாது, அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள், அப்படியும் வேண்டும் என்றால் இருக்கிறபடி கொண்டுவருகிறேன் என்றார்.

5

முடிவுகள்.

(அ) பொய் முத்திரையோடு அம்மா தொட்டு, கண்ணீர் விட்டு, நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போகிறாள். எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கிழித்தேன்.

(ஆ) ஆயர் தற்செயலாக அந்தப் பக்கம் வரு— இல்லை. வரவில்லை.

(இ) இதைத்தான் உங்கள் கையில் கொடுக்கிறேன். ஆபரேஷன் எப்படி முடிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நல்லபடியாக முடிந்தது என்று வைத்துக்கொள்ள எனக்கு ஆசை. உங்களுக்கும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது ஆஸ்பத்திரி அறையில், விடிந்தபின், ஸ்ட்ரெச்சர் வருவதற்கு முன்னால் நடந்த பேச்சு மட்டும்தான்.

அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள், பொய் முத்திரை உட்பட. தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ரெண்டு பேருமா சேர்ந்து அவருக்கே சூடு வச்சிட்டீங்களா?”

தம்பி திரும்பினான். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கொண்டுவரச் சொல்லவாம்மா? அவரோடதுதான்னு ஃபாதர் சொல்லமாட்டார். ஒருவேளை அவரோடது இல்லாமலும் இருக்கலாம்,” என்றாள் அக்கா.

“இப்ப வேண்டாம். இப்ப வந்து அவர் என்னத்தைப் பார்க்கப் போறார்?” என்றாள் அம்மா. நெஞ்சுக்கு நடுவே, மருந்து தடவி மஞ்சளாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “இங்க அறுத்துத் தைச்சப்புறம் கொண்டாரச் சொல்லு. காயத்தைத் தொட்டுப் பார்த்தாத்தானே அவருக்கு நம்பிக்கை வரும்? தொட்டுப் பார்த்து, நான் பொழச்சுட்டேன்னு அவர் நம்பட்டும். அதுக்கு யாரோட முத்திரைடி வேணும்?”