சத்தமாச் சொல்லணும்

முழங்கால் அளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கி வருகிறார்கள், பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வழுக்கி விழுந்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அந்த வருஷம் வெள்ளாற்றில் தண்ணீர் ஓடியது, இப்போதும் ஓடுகிற மாதிரிதான் இருக்கிறது, அக்கரையில் நீலச் சேலையும் கழுத்தில் ஸ்கார்ஃபும் வாயில் விசிலுமாக நிற்கிற சாரணியர் கேப்டன் பிரகதாவுக்கு வயது இருபதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ, கரையேறுகிற ஒவ்வொருத்தியும் தன் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டும், அது அவள் வைத்த சட்டம், எனக்குக் கேக்கலடி, இன்னும் சத்தமா, அங்க மாடு மேய்க்கிறவருக்குக் கேக்கணும் என்கிறாள், பொம்பளப்பிள்ளை வாய்க்குள்ளேயே பேச வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த தொண்டைகள், முதலில் முனகும், அப்புறம் பிய்த்துக்கொண்டு கிளம்பும், ஒருத்தி மட்டும் பெயர் சொல்லாமல் கரையேறி நிற்கிறாள், யாருடி நீ, வாயத் தொற என்கிறாள் பிரகதா, அவள் வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை, கேப்டனக்கா, கேப்டனக்கா என்று தோளைத் தொடுகிறது ஒரு கை, கண்ணைத் திறந்தால் ஆறு இல்லை, குழந்தைகள் நலக் குழு கூடுகிற கட்டடத்தின் தாழ்வாரம், சுவரோரம் ஒரு பெஞ்சு, மே மாதத்து வெயில், பக்கத்தில் சங்கவி. தூங்கிட்டீங்களாக்கா என்று கேட்டாள். இல்லடி, சும்மா கண்ண மூடினேன் என்றாள் பிரகதா.

சங்கவிக்குப் பன்னிரண்டு வயது, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, குழந்தைகள் இல்லத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தருகிற ஊதாப் பாவாடை சட்டை, கெண்டைக்காலில் கரண்டிக்காம்பு அகலத்துக்குச் சூட்டுத் தழும்புகள், போன வருஷம் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுப் போன் போட, அதிகாரிகளோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு பிரகதாவும் போனாள், தாய் செத்துப்போன வீடு, தகப்பன் ரெங்கராசு கல்குவாரியில் வேலை பார்க்கிறவன், குடித்தால் கை சும்மா இருக்காது, தங்கச்சி பூமிகா அப்போது பால்வாடிக்குப் போகிற பிள்ளை, அவளையும் கூட்டிட்டு வந்துருவோம் சார் என்று பிரகதா மன்றாடினாள், உடம்புல ஒரு கீறல் இல்லாத பிள்ளைய என்ன காரணம் சொல்லித் தூக்குறதும்மா என்று கேட்டார் அதிகாரி, அவர் கேட்டதில் தப்பில்லை, தப்பே இல்லாத கேள்விகளுக்கு முன்னால்தான் பிரகதா ஆயுசு முழுக்க வாயடைத்து நின்றிருக்கிறாள், பெரியவளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு ரெங்கராசு மகளைத் திருப்பிக் கேட்கிறான், குடியை விட்டுவிட்டானாம், வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறானாம், விசாரிக்கப் போனவரும் நல்ல விதமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார், மிச்சம் ஒன்றே ஒன்றுதான், குழு பிள்ளையைக் கேட்கும், போக மாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டால் அனுப்ப மாட்டார்கள், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிரகதா வருஷம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் இல்லத்துக்குப் போய், சாரணியர் வகுப்பு என்று பேர் வைத்துக்கொண்டு, முடிச்சுப் போடுவதையும் முதலுதவியையும் ஓரமாக வைத்துவிட்டு, நிமிந்து நில்லு, கண்ணப் பாத்துப் பேசு, சத்தமாச் சொல்லு என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னத்தைக் கண்ட நீ என்று அண்ணன் கேட்பார், உனக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை, கைநிறையச் சம்பளம், தாலிக்குக் கழுத்தை நீட்டச் சொன்னால் அடுத்த மாதம் முகாம் இருக்கிறது என்பாய், அதற்கடுத்த மாதம் ஊர்வலம் என்பாய், ஊரான் பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்திவிட்டே காலம் போயிற்று, கண்டது என்ன, என்று கேட்பார், இப்போது அவர் இல்லை, கேள்வி மட்டும் இருக்கிறது, பீரோ நிறையப் பொன்னாடைகள் இருக்கின்றன, ஒவ்வொரு கலெக்டர் கையாலும் ஒன்று, அவற்றை வெட்டித் தலையணை உறை தைத்து இல்லத்துக்குக் கொடுத்தாள், ஜரிகை கன்னத்தில் குத்துகிறது என்று பிள்ளைகள் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் செல்லம் வந்து நிற்பாள், தீப்பெட்டி வேலையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்து பத்தாவது வரை படிக்கவைத்த செல்லம், மாமன் கூட்டிக்கொண்டு போனான், அடுத்த தைக்குள் பிள்ளைப்பேற்றில் போய்ச் சேர்ந்தாள், பஸ் ஸ்டாண்டில் கிடைத்த இருதயராஜ் வருவான், இல்லத்துச் சுவரேறிக் குதித்து மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கே போனவன், ஜெயிலில் போய்ப் பார்த்தபோது அக்கா சாப்புட்டீங்களா என்று கேட்டான், நன்றாக இருக்கிறவர்களும் உண்டு, இல்லாமலா, நர்ஸ் இருக்கிறாள், போலீஸ்காரி இருக்கிறாள், தீபாவளிக்குப் போன் பண்ணுவார்கள், ஆனால் கண்ணை மூடினால் அவர்கள் யாரும் வருவதில்லை, போனவர்கள்தான் வருகிறார்கள், ஆற்றில் இறங்குகிறார்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், செல்லத்தை வெள்ளாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை, இருந்தாலும் அவளும் அந்த வரிசையில் வருகிறாள், எது எந்த வருஷம் என்பதெல்லாம் குழம்பிப்போய்விட்டது, பாட்டியாகிற வயதிலும் பிள்ளைகள் அக்கா என்றே கூப்பிடுவதால் காலம் போனதே சில நேரம் உறைப்பதில்லை. உண்மையைச் சொன்னால் பிரகதாவுக்கு நம்பிக்கை விட்டுப்போய் ரொம்ப நாளாகிவிட்டது, பழக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள், இந்தச் சங்கவி வந்தபிறகு, இவள் ஒருத்தியையாவது, இவள் ஒருத்தியை மட்டுமாவது என்று மனசு வெட்கமில்லாமல் மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தது.

என்ன சொல்லப் போற, சொல்லு பாப்போம் என்றாள். நான் எங்கப்பாகூடப் போக மாட்டேன், இங்கயே இருந்து படிக்கிறேன் என்றாள் சங்கவி, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் டீ கொண்டுபோகிறவர் திரும்பிப் பார்த்தார், அந்த அளவுக்குச் சத்தம், பிரகதாவுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. அப்போதுதான் ரெங்கராசு வந்தான், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பார்க்கிறவர்கள் எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல ஒரு பணிவு, கையைப் பிடித்துக்கொண்டு பூமிகா, புதுக் கவுன், மணிக்கட்டு வரை கை வைத்த ரோஸ் கலர் கவுன், சிமெண்டுத் தரையே கொதிக்கிற வெயிலில். அக்கா என்று கத்திக்கொண்டு ஓடிவந்தது குழந்தை, சங்கவி இரண்டு கையாலும் தோளுக்குக் கீழே பிடித்துத் தூக்கினாள், தூக்கிய வேகத்தில் பூமிகா ஸ்ஸ் என்று உடம்பைச் சுருக்கியது, அழவில்லை, அழக்கூடாது என்று தெரிந்த பிள்ளை, உடனே சிரித்தது, சங்கவி சிரிக்கவில்லை, தங்கச்சியை மெல்ல மடியில் இறக்கி, கவுன் கையை ஒரு விரலால் மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, மறுபடி இழுத்து மூடி, பட்டனைப் போட்டுவிட்டாள். பிரகதாவும் பார்த்துவிட்டாள், கரண்டிக்காம்பின் அகலம் அவளுக்குத் தெரியாததா. உள்ளே கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் தலைவரும் உறுப்பினர்களும், நல்லவர்கள்தான், ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம், பாப்பா, அப்பாவப் பாக்காத, எங்களப் பாரு, உனக்கு வீட்டுக்குப் போக விருப்பமா, இங்க இருக்க விருப்பமா, பயப்படாமச் சொல்லு என்று கேட்டார் தலைவர், சங்கவி எழுந்தாள், நிமிர்ந்து நின்றாள், தலைவரைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள், நான் வீட்டுக்குப் போறேன் சார் என்றாள், சத்தமாக, தாழ்வாரம் வரை கேட்கிற மாதிரி. சொல்லிக்கொடுத்தபடி ஒரு பிசிறில்லாமல் சொன்னாள். யாரும் மிரட்டினாங்களாம்மா என்று ஒரு உறுப்பினர் கேட்டார், இல்ல சார், எனக்கே போகணும் என்றாள். பிரகதா எழுந்துவிட்டாள், அய்யா, அந்தச் சின்னப்பிள்ளை கையப் பாருங்க, கவுன மடிச்சுப் பாருங்க, என்று கத்தினாள், ரெங்கராசு பதறவேயில்லை, தானே மகளை முன்னால் கொண்டுவந்து கையை மடித்துக் காட்டினான், அடுப்புகிட்ட வெளையாண்டு சுட்டுக்கிச்சுங்கய்யா, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனேன், தாயில்லாத புள்ளைங்கய்யா, ஒத்த ஆளு எவ்வளவுதான் பாக்குறது, பெரியவ வந்துட்டான்னா இதப் பாத்துக்குவா என்றான், அப்டியா பாப்பா என்று தலைவர் கேட்க, பூமிகா தலையை ஆட்டியது. கேப்டனம்மா, உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு, அதனாலதான் உள்ள உக்கார வச்சிருக்கோம், இன்னைக்கு மனு இந்தப் பெரிய பிள்ளையப் பத்தினது, சின்னதப் பத்திச் சந்தேகம் இருந்தா தனியாப் புகார் குடுங்க, அடுத்த வாரம் ஆள் அனுப்பி விசாரிக்கிறோம் என்றார் தலைவர். அடுத்த வாரமா என்று பிரகதா கேட்டது அவளுக்கே கேட்கவில்லை.

வெளியே வந்ததும் சங்கவியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள், ஏண்டி, ஏண்டி இப்படிப் பண்ணுன, நான் புகார் குடுக்கிறேன், கலெக்டரப் பாக்குறேன், ரெண்டு பேரையும் வெளிய எடுக்கிறேன், ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள், குரல் உடைந்து அசிங்கமாக வந்தது. சங்கவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு வருஷமாக இல்லாத வழக்கமாக, வாய்க்குள்ளேயே பேசினாள். நான் வீட்ல இருந்தா எங்கப்பா என்னத்தான்க்கா அடிப்பாரு, அவளத் தொட மாட்டாரு, முன்னாடியும் அப்டித்தான, என்றாள், கணக்குப் புரியாத ஒருத்திக்குப் பொறுமையாக விளக்குவதுபோல. அழாதீங்கக்கா, நீங்க புகார் குடுங்க, என்றாள். இத்தனை வருஷத்தில் எந்தப் புகார் எவ்வளவு நாளில் எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்று பிரகதாவைவிடத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை, அதை இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, பிள்ளையின் துணிப்பையை அவள்தான் தூக்கிக்கொண்டு வாசல் கேட் வரை நடந்தாள், வேறு எதற்கும் லாயக்கில்லாத கைக்கு அதாவது வேலை. ரெங்கராசு வண்டியை உதைத்தான், பூமிகாவை முன்னால் டேங்க் மேல் உட்காரவைக்கப் போனான், நான் புடிச்சுக்கிறேன்ப்பா என்று சங்கவி குழந்தையை வாங்கினாள், பின்சீட்டின் கடைசியில் உட்காரவைத்தாள், தான் ஏறியதும் சின்னக் கைகள் இரண்டாலும் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னாள், தகப்பனுக்கும் தங்கச்சிக்கும் நடுவில், தான் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.