கொக்கியில் ஒரு சட்டை

"இந்த ஊசி வியாதியை விரட்டாதும்மா. எதிர்ப்புச் சக்திக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். வீட்ல நீங்களே ஊசி போடும்போது பூனையைப் பிடிச்சுக்க யாரு இருக்கா?"

மருத்துவர் அன்று இப்படிக் கேட்டபோது, "பார்த்துக்கறேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள் தையல்காரி. வீட்டில் அவளையும், மந்திரி என்கிற அந்தப் பூனையையும் விட்டால் வேறு யார்?

ஒவ்வொரு ஊசிக்கும் மாடிவீட்டு எலக்ட்ரீஷியன்தான் பிடிக்க வந்தார். அவரிடமும் ஒரு பூனை உண்டு. மந்திரிக்கு வந்திருந்த ரத்தப் புற்று வைரஸ் அதற்கும் தொற்றிவிடக் கூடாதே என்று, வந்ததும் ஒரு பழைய சட்டைக்கு மாறிக்கொள்வார். போகும்போது அதைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். அவள் அதைத் துவைத்து வைப்பாள். ஒருமுறை கேட்காமலே பொத்தானும் தைத்து வைத்தாள்.

இன்று கடைசி ஊசி. அவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அவள் ஊசியைப் போட்டாள். மந்திரி சீறியது.

"சாப்பிடுறாரு, சண்டையும் போடுறாரு. துரைக்குத் தெம்பு வந்தாச்சு" என்றார் அவர்.

"உங்களைக் கண்டாதான் இந்த வீராப்பு."

"ஆமா, இளிச்சவாயன் நான்தானே!"

இருவரும் சிரித்தார்கள். கை கழுவி வந்தவர், கொக்கியில் மாட்டிய சட்டையை மறுபடியும் எடுத்து மடித்துத் தனிப் பையில் போட்டார்.

"இனிமே இது இங்க எதுக்கு?"

அந்தச் சட்டை போய்விட்டால் அவர் வருவதற்குச் சாக்கே இல்லை. எத்தனையோ நாள் நாக்கு நுனிவரை வந்து திரும்பிய சொல், இந்த முறை திரும்பவில்லை.

"அது அங்கேயே இருக்கட்டுங்க. ஊசி இல்லாட்டியும் வாங்க."