மூடியிலும் பெயர்

கிடங்குத் தெருவில் சுட்ட குண்டு இன்னும் மதியழகனை வந்து சேரவில்லை. குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவனை நோக்கி அது போன வாரமே புறப்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சாண் வீதம், நெஞ்சு உயரத்தில், தெரு நடுவே வந்துகொண்டிருந்தது. போகிறவர்கள் குனிந்து போனார்கள். சைக்கிள்காரர்கள் மணி அடித்துவிட்டு ஒதுங்கினார்கள்.

மதி நகரக் கூடாது என்று தெருவே கூடி முடிவு செய்திருந்தது. அவன் விலகினால் குண்டு பின்னாலிருக்கும் ஜெபசீலி வீட்டுக் கதவில் பட்டுவிடும். கதவுக்கு இப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தாள். மதியின் காலைச் சுற்றிக் கோலமாவில் ஒரு வட்டம் போட்டுவிட்டார்கள். அதையும் ஜெபசீலியே போட்டாள். அவள் கை கோலத்துக்குப் பேர் போனது.

அவனுடைய அக்கா தில்லைக்கரசி, தெருவுக்கு அரசி, வேளாவேளைக்கு வந்து ஊட்டினாள். வெயிலுக்குக் குடை பிடித்தாள்.

"கிட்ட வந்துடுச்சாக்கா?"

"இன்னும் இல்லடா. வாயத் திற."

"பொய் சொல்றே."

"கொஞ்சம் வந்திருக்கு. திற."

துப்பாக்கி ஒழிப்புத் தனிப்பிரிவு சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெடிச் சத்தத்தைப் பிடித்தவர்கள் மூடிய பாத்திரத்தில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். சத்தம் யாருடைய துப்பாக்கியினுடையது என்று தெரிந்தால் குண்டு பறிமுதல் செய்யப்படும். கொடுப்பவர் பெயர் வெளியே வராது.

அரசியிடம் சத்தம் இருந்தது. அன்றைக்கு இட்லி மாவு வாங்கத் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். சத்தம் நேராக அதற்குள் விழுந்தது. சட்டென்று மூடிவிட்டாள். தெருவில் இன்னும் பலர் பிடித்திருந்தார்கள். ஜெபசீலி குக்கரில் பிடித்திருந்தாள். எல்லோரும் ஒன்றாகப் போவது என்று பேசி, கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

அரசி கிளம்பினாள். தூக்குச்சட்டியில் அவள் பெயர் வெட்டியிருந்தது. விசேஷ வீடுகளில் பாத்திரம் மாறிப்போகும் என்று அவள் அம்மா எல்லாவற்றிலும் பெயர் வெட்டி வைத்திருந்தாள். அரசி பெயரின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

தெருவில் யாரும் தயாராக இல்லை.

"குக்கர்ல பருப்பு வெச்சுட்டேன்டி, மறந்தே போச்சு" என்றாள் ஜெபசீலி.

"சத்தம்?"

"விசிலோட போயிடுச்சு. நீ தைரியமா போ. நாங்கல்லாம் உன் பின்னாடிதான இருக்கோம்?"

அரசி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. ஒரு நாய் குண்டுக்கு அடியில் படுத்திருந்தது.

தனிப்பிரிவு ஒரு கல்யாண மண்டபத்தில் இயங்கியது. இன்ஸ்பெக்டர் ஹேமச்சந்திரன் மணமேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண் நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காருங்கம்மா."

"வேணாம் சார். நிக்கறேன்."

"வரிசைல நிக்கிறவங்களுக்குக் கூச்சமா இருக்கும். உக்காருங்க."

உட்கார்ந்தாள். யாரோ அட்சதை போட்டார்கள். இன்ஸ்பெக்டர் மூடியை லேசாகத் திறந்து காதை வைத்தார்.

"நாட்டுத் துப்பாக்கி. ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கு. யாருதுன்னு தெரியுமா?"

அரசிக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். "பேரு வெளிய வராதுல்ல சார்?" என்றாள்.

"எங்க வாயிலேர்ந்து வராதும்மா. ஆனா நாங்க மட்டும் தனியா கண்டுபிடிக்கவும் கூடாது. பொதுமக்கள் ஒத்துழைக்கணும். அதுக்குத்தான் உங்க தெருவுல கமிட்டி போட்டிருக்கோம். தலைவரைக் கூப்பிடறேன்."

தலைவர் வந்தார். டில்லிபாபு. மதியைச் சுட்டவன். நெஞ்சில் ரோஜாப்பூ பேட்ஜ் குத்தியிருந்தான்.

"இன்னா அரசி, நல்லாக்கீறியா?" என்று கேட்டுவிட்டுச் சட்டிக்குள் காதை வைத்தான். கண்ணை மூடிக் கேட்டான்.

"என்னுதுதான் சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். "பாத்தீங்களாம்மா? இதுக்குப் பேருதான் ஒத்துழைப்பு. இவ்ளோ சீக்கிரம் எந்தத் தெருவுலயும் நடந்ததில்ல."

டில்லிபாபுவுக்குச் சால்வை போட்டார்கள். அரசியைக் கைதட்டச் சொன்னார்கள். தட்டினாள்.

"சார், அப்போ குண்டு?"

"உடனே நடவடிக்கை எடுக்கிறோம். நீங்க சாப்பிட்டுப் போங்க."

பந்திக்கூடம் வழியாகத்தான் வெளியே போக முடியும். அரசி நடக்க நடக்க அது நீண்டுகொண்டே போனது. இலை போட்டுக்கொண்டே ஒருவர் அவளுக்கு முன்னால் போனார். இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவள் தெருக்காரர்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெபசீலி ரசம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அரசி தெருவுக்கு வந்து சேர்ந்தபோது டில்லிபாபு அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மடியில் அவள் ஒப்படைத்துவிட்டு வந்த தூக்குச்சட்டி.

"கேசரி" என்று நீட்டினான். "பாத்திரத்தைக் காலியா குடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்."

வாங்கிக்கொண்டாள். சட்டியில் பிளாஸ்திரி ஒட்டியபடியே இருந்தது.

"மூடியிலயும் வெட்டிக்கீறாங்க போல" என்றான். "மூடி தனியா காணாப் போவும்ல. உங்கம்மா கெட்டிக்காரி."

அரசி மூடியைப் பார்த்தாள். கி. தில்லைக்கரசி, கிடங்குத் தெரு. நல்ல தெளிவான எழுத்து.

"பேரு என் வாயிலேர்ந்தும் வராது" என்றான் டில்லிபாபு. "குண்டுக்கு மட்டும் படிச்சுக் காமிச்சேன்."

தெரு நடுவே குண்டு நின்றது. யாரோ கூப்பிட்டதுபோல மெல்லத் திரும்பியது. அரசியின் வாசலைப் பார்த்து, நெஞ்சு உயரத்தில், கிளம்பியது.

குழாயடியில் மதி கையைத் தொங்கப்போட்டான். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். வட்டத்திலிருந்து ஒரு காலை எடுத்து வெளியே வைத்தான். பிறகு இன்னொரு காலை. கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்து அவனுக்கு ஆரஞ்சு கலர் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டார். 'மக்கள் ஒத்துழைப்பு' என்று அதில் எழுதியிருந்தது.

ஜெபசீலி கோலமாவோடு வந்தாள். குனிந்து, அரசியின் காலைச் சுற்றி வட்டம் போட்டாள். கொஞ்சமும் கோணவில்லை.

மதி எதிரே வந்து நின்றான். தொப்பி அவனுக்குச் சரியாக இருந்தது. அக்காவின் கையிலிருந்த தூக்குச்சட்டியில் விரலை விட்டுக் கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"மதி, ஓரமா போயிடட்டாடா?"

"வேணாங்கா. அசையாத."

"நீ நின்னப்ப நான் ஊட்டினேன்டா."

"சூடா இருக்குக்கா கேசரி" என்றான் மதி. "பின்னாடி ஆளுங்க இருக்காங்க, பாரு."

அரசி திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை எல்லோரும் இருந்தார்கள்.