மோடத்தை அணைத்தவர்

மாடிப்படிக்குக் கீழே மூடியில்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சூடேறாமலிருக்கப் பக்கத்தில் ஒரு மேசை விசிறி. கம்பெனிக்கு வரும் மெயிலும் போகும் மெயிலும் அதன் வழியாகத்தான். கம்ப்யூட்டர்காரி அதன் முன்னால் குந்தியிருந்தாள். சீருடை ஆர்டருக்கான விலை மதியத்துக்குள் ஆர்டர் தருபவர்களுக்கு மெயிலில் போய்ச் சேர வேண்டும். ஆர்டர் கிடைக்காவிட்டால் தையல் கூடத்தை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அங்கே தைப்பவர்களில் அவளுடைய அக்காவும் ஒருத்தி.

துணிப் படங்களோடு மெயில் நத்தையாக ஊர்ந்தது. "இன்னுமா போகலை?" என்று வந்த முதலாளி, அவள் வாயைத் திறப்பதற்குள் இன்டர்நெட் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். எது மக்கர் பண்ணினாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

"ஐயோ சார்! அணைச்சா நம்ம இணைய முகவரி மாறிடும்னு சொன்னேனே!"

"மாறட்டுமே. கம்பெனி பேரு அதேதானே?"

"அடிக்கடி வீடு மாறுறவனை எவன் சார் நம்புவான்? முன்னாடி அந்த வீட்டுல திருடன் இருந்திருந்தா, நம்மளையும் திருடன்னுதானே கதவைச் சாத்துவாங்க? நிலையான முகவரி வாங்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே..."

"ஆரம்பிச்சிட்டியா? முதல்ல அனுப்பு."

அனுப்பினாள். போன வேகத்தில் திரும்பி வந்தது. புதிய முகவரியிலிருந்து எவனோ முன்பு குப்பை மெயிலாக அனுப்பித் தொலைத்திருக்கிறான். வேறு முகவரி கிடைக்குமென்று இப்போது அவளே பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். அடுத்து வந்த முகவரியும் பேர் கெட்டுப்போனதுதான்.  தன் சொந்த மெயிலிலிருந்து அனுப்பலாமென்றால், கம்பெனி மெயிலில் வராத விலையை அவர்கள் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். போன் செய்து கெஞ்சினாள். "மெயில்ல வந்தா பார்க்கிறோம்மா," என்று வைத்துவிட்டான் ஒருவன்.

கடைசியில் ஒரு நல்ல முகவரி வாய்த்தது. மெயில் போனது. நேரம் முடிந்துவிட்டதாக உடனே பதிலும் வந்தது.

கூடத்துக்குப் போகும் வழியில் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "உனக்காவது வேலை இருக்கணும்னா, பார்த்துப் பேசு."

மெஷின்களை நிறுத்தச் சொன்னார். "ஆர்டர் போச்சு. ஏன்னு இவளே சொல்லுவா."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு முதலாளியின் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த வெறுப்பு பெரிதாக இருந்தது.

"மெயில் நேரத்துக்குப் போகலை. தப்பு... என்னுதுதான்."

அக்கா எழுந்தாள். "ஏண்டி, ஒரு மெயில் அனுப்ப வக்கில்லையா உனக்கு? இத்தனை பேரு வயித்துல அடிச்சிட்டியே!"

சாயங்காலம் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு நூல்கண்டுகூட வெளியே போய்விடக் கூடாதென்று காவலாளி ஒவ்வொரு பையாகக் குடைந்தார். அக்காவின் பையிலிருந்து அவளுடைய சொந்தக் கத்தரிக்கோலை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் கார் ஹாரன் கேட்டது. கத்தரிக்கோலை அவள் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து சலாம் வைத்தார். முதலாளியின் கார் போவதற்காகப் பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.