மிஞ்சின சிவப்புக் கல்

ஹேரான் மாட்டிறைச்சி சூப் தட்டோடு வந்தபோது, ஆஸ்பத்திரித் துக்க அறையில் யாரோ இருவர் அப்பாவின் படத்துக்கு முன்னால் விழுந்து வணங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா மேங் தோக்சு முப்பது வருடம் எழுபத்திரண்டாம் நம்பர் பஸ் ஓட்டியவர். டிப்போ ஆட்கள் எல்லோரையும் அவளுக்குத் தெரியும். இவர்களைத் தெரியவில்லை.

"நான் முள்ளங்கி," என்றாள் அந்தப் பெண், கூச்சத்தோடு. "இவரு தூக்கக்கலக்கம். போன் கேம்ல எங்க பேரு. உங்கப்பாதான் எங்களுக்கு அண்ணன், ஒரே கூட்டம், பத்து வருஷமா."

தூக்கக்கலக்கம் சூப்பைத் தொடவில்லை. "ஏம்மா, இந்த இடத்துல கேக்கக் கூடாதுதான். அண்ணன் பையில ஆயிரத்துச் சொச்சம் சிவப்புக் கல் கிடக்கு. இன்னைக்கு ஆறு மணிக்குக் கெடு முடிஞ்சு எல்லாம் மறைஞ்சிடும். யாருக்கும் கொடுக்கவும் வழியில்ல."

அந்த கேமில் கல்லைக் கொட்டி அடித்தால் வாள் ஒரு படி ஏறும். நேரம் சரியில்லையென்றால் வாளே பொடியாகிவிடும். அப்பாவின் வாள் நாலு வருடமாகப் பதினாலாம் படியிலேயே நின்றது. அடுத்த படிக்கு ஒரே அடிக்கு ஆயிரம் கல். பயந்து பயந்து சேர்த்தே வைத்தார் மனிதர். வீட்டிலும் அப்படித்தான், ஹோட்டல் சாப்பாட்டோடு வந்த, எடுத்துச் சாப்பிடும் மரக்குச்சிகளே மூன்று டப்பா.

ஹேரான் அப்பாவின் போனைத் திறந்தாள். பாலத்தின் மேல் வாளைத் தோளில் சாய்த்து நின்றிருந்தார் அப்பாவின் வீரர், தலைக்கு மேல் '72ஆம் நம்பர் பஸ்' என்ற பெயரோடு, மூன்று நாளைக்கு முன் விட்ட அதே இடத்தில்.

"உடைஞ்சிட்டா? அவர் வச்ச மாதிரியே இருக்கட்டுமே."

பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அடிடீ. மனுஷன் சேத்து வச்சே போய்ச் சேந்தாரு."

"முதல்ல காவு கொடுக்கணும்மா," என்றாள் முள்ளங்கி. "மட்டமான வாளையெல்லாம் உடைச்சு, கெட்ட நேரத்துக்குத் தீனி போடணும். அண்ணன் அதுக்குன்னே நாப்பது வாங்கிப் போட்டிருக்காரு."

ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். முதல் வாள் நொறுங்கியது. இரண்டாவதும். டிப்போ ஆட்கள் சூப்பை விட்டுவிட்டு வந்து குனிந்தார்கள். பத்தாவதிலிருந்து கூட்டமே கத்தியது, "போச்சு!" பக்கத்து அறைத் துக்கக்காரர் ஒருவர் வந்து முறைத்தார், இருபதாவது வாளுக்கு அவரும் சேர்ந்து கத்தினார்.

நாற்பதும் உடைந்து முடிந்தபோது ஆறுக்கு நாலு நிமிஷம். ஹேரான் அப்பாவின் வாளை எடுத்து ஆயிரம் கல்லையும் கொட்டினாள், பொத்தானை மட்டும் தொடவில்லை. அம்மா அவள் கையைப் பிடித்து, அவள் விரலாலேயே அழுத்திவிட்டாள்.

திரை வெளுத்தது. பிறகு பொன்னெழுத்தில், ஆடுகிறவர் அத்தனை பேருக்கும் தெரியும்படி ஓடியது: '72ஆம் நம்பர் பஸ் பதினைந்தாம் படி ஏறியது!'

தூக்கக்கலக்கம் துள்ளிக் கோப்பையைத் தூக்கினான். சாவு வீட்டில் கோப்பை இடிக்கக் கூடாதே என்று பாதியில் நின்றான். அம்மா தன் கோப்பையால் டிங்கென்று இடித்தாள்.

"ஒரு கல் மிச்சம்மா. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றாள் ஹேரான்.

"இருக்கட்டும். ஒண்ணாவது மிஞ்சலேன்னா அவருக்குத் தூக்கம் வராது."

திரையில் யார் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். 'வாழ்த்துகள் அண்ணே!' 'விருந்து எப்போ?' 'பஸ்ல இடம் இருக்கா?'

"என்னடீ சொல்றாங்க?"

ஹேரான் படித்துக் காட்டினாள். அம்மா போனை வாங்கி, துடைத்து, ஊதுபத்திக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தாள், திரை அப்பாவின் படத்தைப் பார்த்திருக்கும்படி.