கோபமில்லாத ஆள் தேவை

நெல்லை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கிய இசக்கியப்பனுக்கு, வழக்கில் ஜெயித்தோமா தோற்றோமா என்பதே விளங்கவில்லை.

சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். பக்கத்தில் நின்ற ஜூனியர் வக்கீல் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். "சுத்தமான தண்ணீர் மனுஷனுடைய உயிர் வாழும் உரிமைங்கிறாரு. அரசியல் சாசனத்தில் இருபத்தொன்றாவது பிரிவு. அதை யாரும் பறிக்க முடியாதுங்கிறாரு." இசக்கியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் ஜூனியர் சொன்னான்: "ஆனா மனு தள்ளுபடி."

ஸ்டேஷனிலிருந்து நேரே பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினான். வழக்கை எழுதிக் கொடுத்த வக்கீல் ஞானையா, பல் தேய்த்த கையோடு தீர்ப்பு நகலை வாங்கிப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்துப் பக்கத்துல ஒன்பது பக்கம் உமக்காகத்தான்வே பேசியிருக்காரு."

"அப்ப பத்தாவது பக்கம்?"

"அதுலதான் உம்மத் தூக்கி வெளிய போட்டிருக்கு. மில்லுக்கு நீரு லெட்டர் எழுதினேரா?"

இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். எழுதியது உண்மைதான். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே அவனுடைய கீழப்பத்து ஊர். மூன்று வருஷத்துக்கு முன், 1991இல், கால்வாய்க் கரையில் அட்டை மில் வந்தது. கழிவு கால்வாயில் விழுந்து, வயலில் பாய்ந்து, கிணற்றில் ஊறியது. அவன் வாழை முழுக்கக் கருகிப்போனது. அப்போதுதான் எழுதினான்: 'தங்கள் மில் தண்ணீரால் என் விவசாயம் கெட்டுப்போனபடியால், என் மகனுக்கு வாட்ச்மேன் வேலையாவது தந்து உதவ வேண்டும்.' வேலை வரவில்லை. லெட்டர் மட்டும் பத்திரமாக இருந்து கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

"வேலை கிடைக்காத ஆத்திரத்துல வழக்குப் போட்டான்னு மில்லு வக்கீல் சொல்லிட்டான். பொதுநல வழக்குப் போடுதவனுக்குச் சொந்தக் காரியம் இருக்கப்பிடாதுவே."

"என் கெணத்துல மில்லுத் தண்ணி வந்தா எனக்குக் கோவம் வராம மெட்ராஸ்காரனுக்கா வரும்?"

"வராது. அதனாலதான் அவன் போட்டாச் செல்லும், நீரு போட்டாச் செல்லாது."

இசக்கியப்பனுக்கு எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. கையில் துண்டுதான் இருந்தது. அதை உதறித் தோளிலேயே போட்டுக்கொண்டான்.

"முன்சீப் கோர்ட்டுல எனக்குன்னு மட்டும் தனியாப் போட்டா?"

"போடலாம். உம்ம மகன் தாத்தா ஆகும்போது தீர்ப்பு வரும். அதுவும் உம்ம கெணத்துக்கு மட்டும்." ஞானையா தீர்ப்பை மடித்தார். "ஜூன்ல மில்லுக்காரன் ரெண்டாவது மெஷினை ஓட்டப் போறான். அப்புறம் கழிவு ரெட்டிப்பு. மே மாசம் ஹைகோர்ட்டு லீவு. இந்த ஏப்ரலுக்குள்ள மறுபடி போட்டாகணும். மில்லுகிட்ட ஒண்ணும் கேக்காத ஆளா, ஊர் நெலவரம் தெரிஞ்ச ஆளா ஒருத்தரக் கூட்டிட்டு வாரும்."

கீழப்பத்தில் இருநூறு வீடு. அப்படி ஒரு ஆள் கிடைக்கமாட்டாரா என்றுதான் இசக்கியப்பன் நினைத்தான்.

முதலில் காசிலிங்கத்திடம் போனான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைவர், வாய்ச் சவடாலான மனிதர்.

"கையெழுத்துதான? கொண்டா, ரெண்டாப் போடுதேன்."

"அண்ணாச்சி, மில்லுக்கு ஏதும் எழுதிக் கொடுத்திருக்கியளா?"

"கொடைக்கு சீரியல் லைட் கேட்டு எழுதினேன். அது சாமி காரியம்லா!"

"லைட் தந்தானா?"

"முத வருசம் தந்தான். ரெண்டாம் வருசம் தரல, களவாணிப்பய."

இசக்கியப்பன் எழுந்து வந்துவிட்டான். அது போதும், மில் வக்கீலுக்கு அரைமணி நேரம் பேச.

சர்ச் கமிட்டி வேதநாயகம் அசன விருந்துக்கு அரிசி மூட்டை கேட்டு எழுதியிருந்தார். பால்வாடி டீச்சர் பிள்ளைகளுக்குப் பெஞ்சு கேட்டிருந்தாள். ரிட்டையர்ட் போஸ்ட்மாஸ்டர் முத்துசுப்பிரமணியன் எதுவுமே வாங்காதவர் என்று ஊருக்கே தெரியும். அவர் வீட்டுக்கு நம்பிக்கையோடு போனான்.

"நானா? மில்கிட்ட கை நீட்டுவேனா?" என்றார் அவர். பிறகு மூக்கைச் சொறிந்தார். "பூஜை நேரத்துல சங்கு ஊதாதீங்கோன்னு மட்டும் எட்டு லெட்டர் போட்டிருக்கேன். ஒண்ணுக்கும் பதில் இல்லை."

எல்லாம் மில் மேனேஜர் செய்த வேலை. யார் போய் எதைக் கேட்டாலும், "எழுத்து மூலமாக் கொடுங்கய்யா" என்று சிரித்த முகமாகச் சொல்வார். வாங்கி, சீல் போட்டு, நகலும் தருவார். இவ்வளவு மரியாதையான ஆபீஸ் உண்டா என்று ஊரே பெருமைப்பட்டது. படிக்காதவர்கள்கூட ஆள் வைத்து எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் இருநூறு வீட்டுக் கோபமும் அந்த ஆபீஸ் பீரோவில் தேதிவாரியாகச் சேர்ந்துவிட்டது.

ஆறாவது நாள் இசக்கியப்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்து யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தபோது, அலிமா பீவி கூடையோடு வந்தாள். மேல ஊர்க்காரி. பதினைந்து வருஷமாகக் கீழப்பத்தில் வீடு வீடாகக் கோழியும் முட்டையும் வாங்கிச் சேரன்மகாதேவி சந்தையில் விற்கிறவள். மில்லுக்கு மேற்கே, கழிவு எட்டாத மேல்பக்கம் அவள் ஊர். அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. குடிக்கவும் சமைக்கவும் இசக்கியப்பன் மனைவி பேச்சியம்மாள் நடந்து போய்க் குடம் சுமந்து வருவது அந்த ஊரிலிருந்துதான். கால் முடியாத நாளில் கிணற்றுத் தண்ணீரையே காய்ச்சிக் குடித்துக்கொள்வார்கள்.

"யாரை இந்த ஏச்சு ஏசுதிய?" என்றாள் அலிமா பீவி.

"ஏக்கா, நீ மில்லுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கியா?"

"நான் என்னத்துக்கு எழுத? அவிய கோழியா வளக்காவ?"

இசக்கியப்பன் துள்ளி எழுந்தான்.

மறுநாளே ஞானையா டைப் அடித்த தாள்களோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு, அலிமா பீவியை உட்காரவைத்து விசாரித்தார்.

"மில்லு மேல உங்களுக்குக் கோவம் ஏதும் உண்டாம்மா?"

"எனக்கென்ன கோவம், கோழிக்காரிக்கு."

"சொந்தக்காரங்க யாரும் அங்க வேலை பாக்காங்களா? கேட்டுக் கிடைக்காமப் போச்சா?"

"ஒருத்தரும் இல்ல."

வக்கீல் முகத்தில் பத்து வயசு குறைந்தது. 'சத்தியமாகச் சொல்கிறேன்' என்று தொடங்கும் பிரமாணப் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார். "கீழப்பத்துக் கிணற்றுத் தண்ணீர் நிறமும் ருசியும் கெட்டு, குடிக்க லாயக்கில்லாமல் இருப்பதை நான் நேரில் அறிவேன்." பேனாவை நீட்டினார்.

அலிமா பீவி பேனாவை வாங்கவில்லை. "நிறம் பாத்திருக்கேன். ருசி எனக்குத் தெரியாதே."

"அது ஒரு சம்பிரதாயம்மா."

"சத்தியம்னு எழுதியிருக்குன்னு சொன்னியள்லா? நான் வீட்டுலேருந்து தண்ணி கொண்டாந்து குடிக்கவ. அறியாததை அறிவேன்னு எப்படிச் சொல்ல? நாளைக்கு அல்லாவுக்குப் பதில் சொல்லாண்டாமா?"

"ஏக்கா, வேண்டாம்" என்றான் இசக்கியப்பன். அவள் கேட்கவில்லை. பேச்சியம்மாள் தயங்கித் தயங்கி ஒரு செம்பு இறைத்துக் கொண்டுவந்தாள். பழுப்பாக, மேலே மெல்லிய நுரையோடு இருந்தது. அலிமா பீவி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். அடுத்த நொடி முற்றத்து ஓரத்துக்கு ஓடிக் காறித் துப்பினாள். முந்தானையால் நாக்கைத் துடைத்தாள். மறுபடி துப்பினாள்.

"யா அல்லா! இதையா குடிக்கிய? பச்சப் பிள்ளையளுக்கும் இதையா?"

அவள் மில் புகைபோக்கி இருந்த திசையைப் பார்த்து ஏச ஆரம்பித்தாள். மேனேஜர், முதலாளி, முதலாளியின் ஏழு தலைமுறை, எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றினாள். மூச்சு வாங்க நின்றவள், திடீரென்று ஞானையாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வக்கீலய்யா, இப்ப எனக்கும் ஆத்திரம் வந்துட்டே. இனி என் கையெழுத்துச் செல்லுமா?"

ஞானையா பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் கறுப்புக் கோட்டுப் போட்டவரிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"அந்த ஆத்திரத்தை மில்லுக்கு எழுதிக் கொடுக்கலைல்லா?"

"இல்ல."

"அப்பச் செல்லும். போடும்மா."

அவள் எழுத்துக்கூட்டி, தாளைக் கிழித்துவிடுவதுபோல் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். இசக்கியப்பன் பார்த்துக்கொண்டு நின்றான். சந்தோஷம்தான் வர வேண்டும். வரவில்லை. ஒரு மடக்குக் குடித்தவள் கோபம் கோர்ட்டு ஏறும். மூன்று வருஷம் குடித்தவன் கோபம் ஏறாது.

சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அவன் கையை நீட்டினான். ஞானையா பேனாவை இழுத்துக்கொண்டார்.

"நீரு போடாதேயும். உம்ம பேரே இதுல எங்கயும் வரப்பிடாது. கேஸ் வரும்போது கோர்ட்டுப் பக்கமும் வந்திராதேயும்."

"என் ஊருத் தண்ணிக்கு கேஸு. நான் வரப்பிடாதா?"

"வந்தா உம்ம லெட்டரும் கூட வரும்வே."

ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. தண்ணீருக்குக் கிளம்பிய பேச்சியம்மாள் கையிலிருந்த குடத்தை இசக்கியப்பன் வாங்கினான். "இன்னைக்கு நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, மேல ஊர்ப் பாதையில் வேகமாக நடந்தான். உலை வைக்கத் தண்ணீர் வேண்டும்.